போஸ்ட்பிக்ஸில் தேடினேன், சிக்கல் வெளியே இருந்தது

சொந்தமாக ஒரு அஞ்சல் சர்வர் வேண்டும் என்று டெபியன் லினக்ஸில் போஸ்ட்பிக்ஸும் (அஞ்சலை அனுப்பிப் பெறும் நிரல்) டவ்காட்டும் (பெட்டியில் உள்ள அஞ்சலைப் படிக்கத் தரும் நிரல்) நிறுவி, இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் வாங்கி, வருகிற அஞ்சலைப் பெட்டியில் சேர்ப்பது வரை ஒரே மாலையில் முடிந்துவிட்டது. வெளியே அனுப்புவதுதான் கிட்டத்தட்ட ஒரு வாரத்தைத் தின்றது.

காத்திருக்கும் அஞ்சல்களைக் காட்டும் மெயில்கியூ கட்டளை கொடுத்தால் வரிசை நீண்டுகொண்டே போனது. பதிவுக் கோப்பான மெயில்.லாக் முழுக்க 'கனெக்ஷன் டைம்ட் அவுட்', அதாவது எதிர்ப்பக்கம் பதிலே இல்லை. போஸ்ட்பிக்ஸின் அமைப்புகள் இருக்கும் மெயின்.சிஎஃப் கோப்பை வரி வரியாக மாற்றினேன், ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் இரவுதான், சர்வரிலிருந்து வேறொரு அஞ்சல் சர்வரின் 25-ஆம் போர்ட்டுக்கு (சர்வர்கள் தமக்குள் அஞ்சல் கொடுக்கும் வாசல்) டெல்நெட் போட்டு நேரடியாக இணைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே தொங்கியது. சர்வரை வாடகைக்குத் தந்த நிறுவனம் ஸ்பேமைத் தடுக்க வெளியே போகும் 25-ஐ அடைத்து வைத்திருந்தது. பல நிறுவனங்களில் இது வழக்கம்தான், ஆனால் முன்பே சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு எழுதினால் முதல் பதில், "உங்கள் ஃபயர்வாலைச் சரிபாருங்கள்". டெல்நெட் காட்டியதை ஒட்டி மறுபடி எழுதிய பிறகே திறந்துவிட்டார்கள்.

அதே கடிதத்திலேயே பிடிஆர் பதிவையும் (ஐபி முகவரி எந்தப் பெயருக்குரியது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) கேட்டுவிடுங்கள். நம் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் அதை வைக்க முடியாது, ஐபி யாருடையதோ அவர்கள்தான் வைக்க வேண்டும். நான் தனியாகக் கேட்டதில் இன்னும் இரண்டு நாள் போனது.

சரி, அஞ்சல் போகத் தொடங்கியது. போய்ச் சேர்ந்த இடம் ஸ்பேம் பெட்டி. எஸ்பிஎஃப் (எந்த சர்வர்கள் நம் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பதிவு) சரியாக இருந்தது, அஞ்சல் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகிம் கையொப்பம் மட்டும் காணவில்லை. கையொப்பமிடும் நிரலான ஓபன்டிகிம் ஓடுகிறது, சாவி சரி, டிஎன்எஸ் பதிவு சரி. பிறகு லாகில் ஒரே ஒரு எச்சரிக்கை கண்ணில் பட்டது: மில்ட்டரின் (போஸ்ட்பிக்ஸோடு சேர்ந்து அஞ்சலைக் கையாளும் துணை நிரல், இங்கே ஓபன்டிகிம்) சாக்கெட் கோப்பு, அதாவது இரண்டும் பேசிக்கொள்ளும் வழி, இல்லையாம். நான் பார்த்தால் கோப்பு இருக்கிறது! என் டெபியனில் போஸ்ட்பிக்ஸின் எஸ்எம்டிபிடி (அஞ்சலை வாங்கும் பகுதி) க்ரூட்டுக்குள், அதாவது ஒரே அடைவுக்குள் அடைபட்டு, ஓடுகிறது. அதன் கண்ணுக்கு /வார்/ஸ்பூல்/போஸ்ட்பிக்ஸ்தான் வேர் அடைவு; /ரன்னில் இருக்கும் சாக்கெட் அதற்குத் தெரியாது. சாக்கெட்டை ஸ்பூலுக்குள் மாற்றி, போஸ்ட்பிக்ஸ் பயனரை ஓபன்டிகிம் குழுவில் சேர்த்து, இரண்டையும் மறுதொடக்கம் செய்தேன்.

இதை இவ்வளவு நேரம் மறைத்தது எது தெரியுமா? வழிகாட்டிகளைப் பார்த்து நான் எழுதி வைத்த 'மில்ட்டர்_டிஃபால்ட்_ஆக்ஷன் = அக்செப்ட்' என்ற வரி. மில்ட்டர் கிடைக்காவிட்டாலும் கையொப்பமில்லாமல் அஞ்சலை அனுப்பிவிடும். சோதிக்கும்போது அந்த வரியை எடுத்துவிடுங்கள். இயல்பான அமைப்பான டெம்ப்ஃபெயிலில் (தற்காலிகத் தோல்வி) அஞ்சல் அங்கேயே நிற்கும், கோளாறு உடனே தெரியும்.

அப்புறம் ஒரு சோதனை அஞ்சல் அனுப்பினேன். தலைப்புப் பகுதியைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகிம், அவ்விரண்டையும் அனுப்புநர் டொமைனோடு ஒப்பிடும் டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்'. அதை மூன்று முறை படித்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.