பச்சைக்குள் ஒளிந்திருந்த பிழை

கோத்தகிரியில் பச்சைத் தேயிலைக் கொள்முதல் எடையைப் பதியும் ஜாவா நிரலொன்றை எழுதிவருகிறேன். எடை சுழியத்துக்குக் கீழே போனால் இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்ஸப்ஷன் என்ற விதிவிலக்கு (நிரல் எழுப்பும் பிழை அறிவிப்பு) எழ வேண்டும். ஜாவா நிரல்களைச் சோதிக்கும் கருவியான ஜேயூனிட் 4-இன் ‘எக்ஸ்பெக்டட்’ முறையில் (சோதனைக்குள் எந்த வரியிலாவது அந்த விதிவிலக்கு எழுந்தால் போதும்) எழுதிய சோதனையும் பல வாரங்களாகப் பச்சை, அதாவது தேர்ச்சி, காட்டியது. மழையில் மின்சாரம் போய்வந்த மாலையொன்றில், எடையைச் சரிபார்க்கும் வரியையே நீக்கிப் பார்த்தேன், அப்போதும் பச்சைதான். சோதனையின் முதல் வரியில் சீட்டு எண் வெற்றுச் சரமாக இருந்ததால், அதை எண்ணாக்க முயன்ற பார்ஸ்இன்ட் என்ற செயற்கூறு நம்பர்ஃபார்மட்எக்ஸப்ஷனை எறிந்திருக்கிறது. அது இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்ஸப்ஷனின் துணைவகுப்பு (அதன் ஒரு வகை) என்பதால் சோதனை ஏமாந்துவிட்டது. இப்போது ஜேயூனிட் 5-இன் அசெர்ட்த்ரோஸுக்குள் எடையைப் பதியும் அந்த ஒற்றை அழைப்பை மட்டும் லாம்டாவாக (பெயரற்ற சிறு செயற்கூறாக) வைத்து, அது திருப்பித் தரும் விதிவிலக்கின் செய்தியில், சோதனைக்குக் கொடுத்த எடையான ‘-3’ இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். (செய்தி முழுவதையும் ஒப்பிடுவது வீண் வேலை, ஒரு காற்புள்ளி மாறினாலும் சோதனை உடையும்.) துணைவகுப்பும் நுழையக் கூடாதென்றால், 5.8 பதிப்பில் வந்த அசெர்ட்த்ரோஸ்எக்ஸாக்ட்லி இருக்கிறது.