'இஃப்' வீட்டில 'வுட்'டுக்கு இடமில்லை

மலருக்கு ஏதாவது எழுதித் தா எண்டு பழைய மாணவர் சங்கத்து ஆக்கள் மூண்டு மாசமா கேட்டுக்கொண்டிருக்கினம், நானும் தாறன் தாறன் எண்டு கடத்திக்கொண்டே வந்தன், ஏனெண்டா பிக் மேச்சைப் பற்றி, கன்டீன் வாய்ப்பனைப் பற்றி, மதில் பாஞ்சதைப் பற்றி என்னைவிட வடிவா எழுதக்கூடியவை கனபேர் இருக்கினம். (போன மலரில பாதி மதில் பாஞ்ச கதை தான், அந்த மதில் இவ்வளவு காலம் எப்பிடி நிண்டுதோ தெரியாது.) பிறகு போன மாசம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு, எங்கட பள்ளிக்கூடத்தில எனக்குக் கன வருசம் பிந்திப் படிச்ச ஒரு தம்பி கோல் எடுத்தான். பிரெஞ்சு நேஷனாலிட்டிக்குப் போடப்போறானாம், முந்தி பிரெஞ்சு மொழியில பி 1 மட்டம் இருந்தாக் காணும், 2026 ஜனவரியிலயிருந்து பி 2 கேக்கிறாங்கள், "அண்ணை, மற்றதெல்லாம் ஒருமாதிரி ஓடுது, இந்தக் கொண்டிசியோனெல் பஸே மட்டும் தலைக்குள்ள போகுதில்லை" எண்டான். டேய் அது 'தெரிஞ்சிருந்தா வந்திருப்பன்' எண்டதில வாற 'இருப்பன்' தான், அதை நீ பத்தாம் வகுப்பு இங்கிலிஷிலயே படிச்சு முடிச்சிட்டாய் எண்டு சொன்னன். அவன் நம்பேல்லை. அதால தான் இந்தக் கட்டுரை.

எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பிச்ச சேர் கரும்பலகையில ரெண்டு வீடு கீறுவார். இடப்பக்க வீடு 'இஃப்' வீடு, வலப்பக்க வீடு 'வுட் ஹாவ்' வீடு. 'வுட்' வலப்பக்க வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. "இஃப் ஐ வுட் ஹாவ் நோன்" எண்டு ஆராவது எழுதிப்போட்டா அவர் அடிக்கமாட்டார், வாசல்ல நிப்பாட்டி "இஃப் வீட்டில வுட்டுக்கு இடமில்லை" எண்டு பத்துத் தரம் சொல்லச்சொல்லுவார், பக்கத்து வகுப்புப் பெடியள் எட்டிப் பாத்துச் சிரிப்பாங்கள், அதுக்கு அடியே வாங்கலாம் போல இருக்கும். பிறகு தமிழுக்குத் தாவுவார். "மழை பெய்திருந்தா நெல் விளைஞ்சிருக்கும். இதில 'பெய்யேல்லை' எண்ட சொல் எங்கயாவது கிடக்கோ? இல்லை. ஆனா மழை பெய்யேல்லை எண்டு உனக்கு விளங்கிச்சோ இல்லையோ?" எண்டு கேப்பார். விளங்கிச்சு சேர் எண்டு எல்லாரும் கத்துவம், உண்மையா விளங்கினது ரெண்டு பேருக்குத் தான், அதில நான் இல்லை.

யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட 95 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி இந்த மலரில வேற ஆக்கள் எழுதிப்போட்டினம், நான் திருப்பிச் சொல்லேல்லை. நாவற்குழிப் பாலத்தடியில மழைக்குள்ள நிண்ட சனத்துக்குள்ள சேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிண்டவர், கண்டனான், கதைக்கேல்லை.

98 இல பிரான்ஸ் வந்தன். பரிஸ் லாச்சப்பலில ஒரு அறையில ஏழு பேர், வேலை ஒரு ரெஸ்டோரண்டில கோப்பை கழுவுறது. வேலையில்லாத பின்னேரங்களில மேரி, அதான் நகரசபை, நடத்துற பிரெஞ்சு வகுப்புக்குப் போனனான். அல்ஜீரியா, மாலி, சீனா, போலந்து எண்டு எல்லா நாடும் அந்தக் குட்டிக் கதிரையளில இருக்கும், சின்னப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் தானே. ரெண்டாம் வருசம் ஒருநாள் படிப்பிக்கிற மதாம் வந்து போர்ட்டில எழுதினா: ஸி ஜவே சூ, ஜெ செரே வெனூ. தெரிஞ்சிருந்தா வந்திருப்பன். எழுதிப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு "லே ஸி நெம் பா லே ரே" எண்டா. 'ஸி' எண்டா 'இஃப்', 'ரே' எண்டது 'ஜொரே', 'செரே' எண்டு முடியுற அந்த வால், ஸி பக்கம் ரே வரக்கூடாது, அவ்வளவு தான். பிரெஞ்சில அதைக் காதால கேட்டா மரம் அரியுற வாளுக்குத் திருக்கை மீன் பிடிக்காது எண்ட மாதிரியும் கேக்கும், ஏனெண்டா வாளுக்கும் ஸி தான், திருக்கைக்கும் ரே தான். எனக்குத் திருக்கை தெரியேல்லை, ரெண்டு வீடும் சேரின்ர சோக்குத் தூளும் தான் தெரிஞ்சுது. பக்கத்தில இருந்த போலந்துப் பெட்டை என்னத்துக்குச் சிரிக்கிறாய் எண்டு கேட்டா, அதைப் பிரெஞ்சில சொல்ல எனக்கு அப்ப வழி தெரியேல்லை.

இதைக் கட்டுறது கஷ்டமில்லை. 'அவுவார்' இல்லாட்டி 'எத்ர்', இந்த ரெண்டு துணைவினையில ஒண்டைக் கொண்டிசியோனெல்லில போட்டு, பின்னால வினையின்ர முடிஞ்ச வடிவத்தை, அதான் பார்த்திசிப் பஸேயை, வைக்கவேணும். ஜொரே டீ, சொல்லியிருப்பன். ஜெ செரே பார்த்தி, போயிருப்பன். நான், நீ, அவன், அவையள் எல்லாத்துக்கும் அவுவாரின்ர சத்தம் ஒண்டு தான், 'ஒரே', எழுதேக்க மட்டும் மூண்டு விதம். நாங்களுக்கு ஒரியோன், நீங்களுக்கு ஒரியே. இந்த 'ஒரே'யைப் பிச்சுப் பாத்தா முன்பாதி வருங்காலத்தின்ர அடி, பின்பாதி இறந்தகாலத்தின்ர வால். மதாம் இதைச் சொல்லேக்க நான் கொப்பியில 'சொல்லி + இருப்பன்' எண்டு எழுதிப் பாத்தன். 'சொல்லி' முடிஞ்சுபோனது, 'இருப்பன்' வரப்போறது. நாங்களும் அதே ரெண்டு சாமானைத் தான் ஒட்டுறம், ஒட்டுற இடம் தான் வேற. இதை விட நல்ல சந்தோசம் எனக்கு அந்த வருசம் கிடைக்கேல்லை எண்டு சொன்னா நம்பமாட்டியள்.

எதுக்கு எத்ர் போடுறது எண்டது தான் பாடமாக்க வேண்டிய இடம். போறது, வாறது, வெளிக்கிடுறது, வந்துசேருறது, உள்ள போறது, விழுறது, தங்கி நிக்கிறது, பிறக்கிறது, சாகிறது. மதாம் ஒரு வீடு கீறி, படி, வாசல், ஜன்னல் எல்லாத்திலயும் இந்த வினையளை எழுதிவிட்டா. அந்த லிஸ்டைப் பாத்தா இடம்பெயர்ந்தவன் ஒருத்தன்ர சீவியத்துக்கு இவ்வளவும் காணும் போல இருந்துது. 'நான் எழும்பியிருப்பன்' மாதிரித் தன்னைத் தானே செய்யுற வினையளுக்கும் எத்ர் தான், ஜெ மெ செரே லெவே.

வீட்டுவேலைக்கு ஸி போட்டு அஞ்சு வசனம். லொட்டோ விழுந்திருந்தா வீடு வாங்கியிருப்பன் எண்டு முக்கால்வாசிப் பேர். நான் எழுதினது, நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடாம இருந்திருந்தா நான் ஏ.எல். பாஸ் பண்ணியிருப்பன். அதுக்கு இங்கிலிஷ் நினைப்பில 'ஜொரே பாஸே' எண்டு போட்டிருந்தன். மதாம் சரி போட்டா. பிறகு தான் தெரியும், பிரெஞ்சில 'பாஸே' எண்டா சோதனை எழுதுறது மட்டும் தான், பாஸ் பண்ணுறதுக்கு 'ரேயூசி' எண்டு வேற சொல். எழுதியிருப்பன் எண்டு தான் நான் எழுதியிருக்கிறன். யோசிச்சுப் பாத்தா அது தான் உண்மை, பாஸ் பண்ணியிருப்பனோ எண்டு சேரைத் தான் கேக்கவேணும்.

இனி நான் அடிபட்ட இடம். ஒருநாள் ரெஸ்டோரண்டில ஷெஃப் வந்து மற்றப் பெடியன் எங்க எண்டு கேட்டார். போயிருப்பான் எண்டு தமிழில நினைச்சு "இல் செரே பார்த்தி" எண்டன். "உனக்கு ஆர் சொன்னது?" எண்டார். ஒருத்தரும் சொல்லேல்லை. "அப்ப ஏன் அப்பிடிச் சொல்லுறாய்?" எங்கட 'போயிருப்பான்' ரெண்டு வேலை செய்யும், நடக்காததையும் சொல்லும், ஊகத்தையும் சொல்லும். பிரெஞ்சில ஊகத்துக்கு "இல் ஆ டியூ பார்த்திர்" எண்டு சொல்லவேணும், "இல் செரே பார்த்தி" எண்டு தனிய விட்டா ஆரோ சொன்ன கதை, அதாவது 'போயிட்டானாம்'. எங்கட அந்த 'ஆம்' இருக்கெல்லோ, அது தான். பேப்பர்க்காரர் நிச்சயமில்லாத செய்திக்கு இதைத் தான் போடுவினம், விபத்தில ரெண்டு பேர் செத்திட்டினமாம் எண்டதுக்கு 'ஒரே'.

இதெல்லாம் எனக்குப் பிறகு தான் விளங்கினது, அண்டைக்கு ஷெஃப் கேட்டதுக்குச் சிரிச்சுப்போட்டு வீட்டை போக, என்ர அகதிக் கேஸுக்கு மறுப்புக் கடிதம் வந்து கிடந்துது. நான் நாலு பக்கம் எழுதிக் குடுத்து, மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால வாயாலயும் சொன்ன விசயங்கள் எல்லாம் அதில 'ஒரே'யில இருந்துது. ஒரே எதே அரெத்தே. சேர் படிப்பிச்ச கணக்கில பாத்தா பிடிபட்டிருப்பார், அப்ப பிடிபடேல்லை எண்டு அர்த்தம், நான் பொய் சொன்னனான் எண்டு எழுதிப்போட்டாங்கள் எண்டு இரவு முழுக்க நித்திரையில்லை. அடுத்த வகுப்புக்கு அதைக் கொண்டுபோய் மதாமுக்குக் காட்டினன். அவ கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சிட்டு, இதில ஸி இல்லை, ஸி இல்லாட்டி இது நடக்கேல்லை எண்டு சொல்லுறது இல்லை, நீ சொல்லுறாய், அவையள் பொறுப்பெடுக்கேல்லை, அவ்வளவு தான் எண்டா. அதாவது பிடிபட்டவராம். பதினொரு நாள் அடைச்சு வைச்சிருந்தவையாம். பிறகு கொழும்புக்கு வந்தவராம். பொய் எண்டு சொன்னாலும் எதிர்த்துக் கதைக்கலாம், இந்த 'ஆம்'க்கு என்னத்தைக் கதைக்கிறது? அப்பீல் போட்டு, ஒண்டரை வருசத்துக்குப் பிறகு வந்த தீர்ப்பில நான் முதல் தேடினது கடைசி வரியை இல்லை, அந்த வசனத்தைத் தான். 'ஒரே எதே' போய் 'ஆ எதே' எண்டு இருந்துது. பிடிபட்டவர். கீழ என்ன எழுதியிருக்கு எண்டு வாசிக்காமலே எனக்கு விளங்கிட்டுது.

மற்றப் பாவனையள் எல்லாம் வீட்டுக்குள்ளயே பழகினது. கவுண்டரில போய் "ஜொரே வூலூ" எண்டு தொடங்கினா மரியாதை, நாங்கள் 'ஒரு விசயம் கேக்க வந்தனான்' எண்டு நடந்துமுடிஞ்ச மாதிரிச் சொல்லுறம் பாருங்கோ, அதே பணிவு. 'ஜொரே டியூ' எண்டா செய்திருக்கவேணும், இது எனக்கு. 'தூ ஒரே பூ' எண்டா செய்திருக்கலாமே, இது என்ர மகளுக்கு, ஒரு நாளைக்கு நாலு தரம் எனக்குச் சொல்லுவா. போன ஒன்றுகூடலுக்கு வராத ஆக்களுக்கும் சங்கச் செயலாளர் இதைத் தான் சொன்னவர், தமிழில, கொஞ்சம் சூடா.

தம்பிக்கு இவ்வளவையும் போனில சொல்ல ஒண்டரை மணித்தியாலம் போச்சு. பத்து வசனம் எழுதி அனுப்படா எண்டன். அடுத்தநாள் நாலு வந்துது. மூண்டில ஸி பக்கம் ரே போட்டிருக்கிறான், நான் ரெண்டு வீடு கீறிப் படம் எடுத்து அனுப்பினன். நாலாவது, அம்மா வந்திருந்தா பேபியைப் பாத்திருப்பா. இதில வீடு ரெண்டும் சரி, 'வெனூ'க்குப் பின்னால அம்மாவுக்கு வரவேண்டிய 'ஈ' (e) எழுத்தை மட்டும் விட்டிட்டான். சத்தத்தில கேக்காது அண்ணை, பிறகேன் எண்டான். எத்ர் வந்தா வினை ஆளைப் பாக்கும், அம்மா எண்டபடியா அது வேணும், 'பாத்திருப்பா'வுக்கு அவுவார், அங்க வேண்டாம் எண்டு எழுதினன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்த 'ஈ'யைப் போட்டுத் திருப்பி அனுப்பினான். இன்னும் ஆறு வசனம் கிடக்கு, ஞாயிற்றுக்கிழமை பாப்பம் எண்டிருக்கிறன்.