கசிகிற சுவர்தான் நிற்கும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டுக்குப் பின்னால் மண் இறங்கினால் முதல் அழைப்பு கொத்தனாருக்குத்தான். அவரும் கல்லை அடுக்கி, இடுக்கெல்லாம் சிமென்ட் கலவை அடைத்து, பளிச்சென்று முடித்துவிடுவார். பிறகு ஏதோ ஒரு ஐப்பசி அடைமழையில் சுவர் வயிறு தள்ளும். 2009 நவம்பர் மழையில் நீலகிரி பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

சுவரைத் தள்ளுவது மண் மட்டுமில்லை, மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீரும்தான். சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 500 கிலோ அழுத்தம். 2 மீட்டர் தேங்கினால் அது இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 2 டன்னைத் தொடும். கலவை இல்லாமல் அடுக்கிய கல்கட்டு நிற்பதற்குக் காரணம், அது எங்கும் கசிகிறது.

அதனால் கல் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். அது சரிவின் தலையில் கொட்டினால் கீழே என்ன செய்தாலும் வீண். குழாய் போட்டு ஓடை வரை இறக்குங்கள். சரிவின் உச்சியில் ஒரு வெட்டு வாய்க்கால் எடுத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அந்த வாய்க்காலிலேயே தண்ணீர் நின்று ஊறினால், வாய்க்கால் இல்லாததைவிட மோசம்.

கல்கட்டை 1 மீட்டர் உயரத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் இன்ஜினியர் பார்க்கட்டும். சரிவின் தலையில் நீள வெடிப்பு இருந்தாலோ, மரங்கள் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ இது வீட்டுவேலையே இல்லை. அஸ்திவாரம் 30 செ.மீ. தோண்டி, கெட்டி மண்ணில் உட்கார வேண்டும். குழியின் தரை மலைப்பக்கம் லேசாகச் சாயட்டும். முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டாதீர்கள், 2 மீட்டர் தோண்டி, கட்டி, அடுத்த 2 மீட்டர். அடியில் 60 செ.மீ. அகலம், உச்சியில் 40 முதல் 45. முகம் 6 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் உள்ளே சாய வேண்டும். ஒரு கல் எப்போதும் இரண்டு கல் மேல் உட்கார வேண்டும். மீட்டருக்கு ஒன்றாவது சுவரின் முழு அகலத்துக்கும் ஓடும் நீளக்கல் வையுங்கள். அது இல்லாத சுவர் முன்தோலும் பின்தோலுமாகப் பிரிந்துவிடும். பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி: சுவரை ஒட்டி 40 எம்எம், மண்ணை ஒட்டிப் பொடி ஜல்லி. தோண்டிய மண்ணையே பின்னால் தள்ளி மூடுவதுதான் வழக்கமான தவறு.

புதுக்கல் உடைக்க வேண்டியதில்லை. இடித்த வீட்டின் அஸ்திவாரக் கல் முதல் தரம். உடைத்த கான்கிரீட் பலகையும் நன்றாக அடுக்கும். நீட்டியிருக்கும் கம்பியை அறுத்துவிட்டு, தூளைச் சல்லடையில் கழித்துவிடுங்கள். அந்தத் தூள், பின்னால் போட்ட ஜல்லியின் இடுக்கை அடைக்கும், தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்ணையும் கெடுக்கும். பழைய டயர் வேண்டவே வேண்டாம், கொசுப் பண்ணை.

சுவருக்கு மேலுள்ள சரிவுக்கு வெட்டிவேர். அதைச் சமமட்டக் கோட்டில், அதாவது சரிவில் ஒரே உயரத்தில் ஓடும் கோட்டில், நட வேண்டும். கோடு பிடிக்க 2 மீட்டர் குச்சி இரண்டு, குறுக்குக் கட்டை ஒன்று, உச்சியிலிருந்து நூலில் தொங்கும் கல் ஒன்று போதும், 'A' வடிவச் சட்டமாகக் கட்டிக்கொள்ளுங்கள். சட்டத்தை நிறுத்தி நூல் விழும் இடத்தைக் குறுக்குக் கட்டையில் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுதான் மட்டம். வரிசைகளுக்கிடையே செங்குத்தாக 1 மீட்டர், நாற்றுக்கு நாற்று 15 செ.மீ. 10 மீட்டர் வரிசைக்கு 70 நாற்று ஆகும். ஒவ்வொன்றிலும் மூன்று தூர் இருக்கட்டும், இலையை 20 செ.மீ.க்கு வெட்டி, வேரைச் சாணிக் கரைசலில் நனைத்து நடுங்கள். நடுவில் ஒரு நாற்று செத்தால் அந்த ஓட்டையில்தான் தண்ணீர் கூடிப் பாயும். மூன்றாம் வாரமே மறுநடவு. சில்வர் ஓக் நிழலில் வெட்டிவேர் தேறாது. உறைபனி விழும் ஊட்டிப் பள்ளங்களிலும் அதை நம்பாதீர்கள்.

வேர் பிடிக்கும்வரை மண்ணைக் காப்பது தென்னை நார் வலை. உச்சியில் 30 செ.மீ. பள்ளத்தில் புதைத்து, மேலிருந்து கீழாக விரியுங்கள். ஒரு வலையின் ஓரத்தைப் பக்கத்து வலை மேல் 15 செ.மீ. ஏற்றி, மீட்டருக்கு ஒரு மூங்கில் முளை. வலை மண்ணோடு ஒட்டாமல் கூடாரம்போல நின்றால் அடியில் தண்ணீர் ஓடி ஓடைபோல் அரிக்கும், மேலே ஒன்றும் தெரியாது. சிறு ஓடைகளுக்குக் குறுக்கே உண்ணிச்செடிக் கட்டுகள் போடலாம். பச்சையாகப் போட்டால் துளிர்த்துவிடும், வெயிலில் நன்றாகக் காயவைத்து, விதையில்லாமல் கட்டுங்கள்.

கல்வேலை தை முதல் சித்திரைக்குள். நடவு ஜூன் மழையில், அப்போதுதான் ஐப்பசிக்குள் வேர் இறங்கும். நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாக அனுமதி வேண்டும். இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை, கடப்பாரை போதும். முதல் பெருமழை விட்டதும் சுவரின் முகத்தைப் பாருங்கள்: பல இடத்தில் தெளிந்த நீர் கசிந்தால் நல்லது. ஒரே இடத்தில் செம்மண் கலங்கி வந்தால், அங்கே பின்னால் ஜல்லி போதவில்லை. மழைக்காலம் முடிந்ததும் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி அடுக்குங்கள்.