மூன்றாவது வரி

புள்ளியியல் சொல்லித்தந்த சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது அலுவலகத்தில் ஓர் இருவழி அனோவா அட்டவணையை, அதாவது இரண்டு காரணிகள் ஒரு முடிவை மாற்றுகின்றனவா என்று சோதிக்கும் அட்டவணையை, திறந்து வைத்திருந்தேன். கண் வழக்கம்போல நேரே மூன்றாவது வரிக்குப் போயிருந்தது. இடைவினை வரி: ஒரு காரணியின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுகிறதா என்று சொல்வது. அதை முதலில் படிக்கும் பழக்கம் அவர் தந்தது.

விடைத்தாள் திரும்ப வந்த அந்த நாள் என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். கேள்வியில் இரண்டு பயிர் வகை, இரண்டு உரம், ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஐந்து பாத்தி. முதல் வகையின் சராசரி விளைச்சல் முதல் உரத்தில் 20, இரண்டாவதில் 30. மற்ற வகைக்கு அப்படியே தலைகீழாக 30, 20. காரணியால் வந்த மாற்றம் தற்செயல் மாற்றத்தைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும் எஃப் மதிப்பு வகைக்கு 0, உரத்துக்கும் 0. "இரண்டாலும் விளைச்சலில் எந்த மாற்றமும் இல்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

சார் அதை உரக்கப் படித்தார். அப்புறம் என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார்.

"தம்பி, நாலு சராசரியையும் புள்ளியா வை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு கோடு இழு."

இழுத்தேன். கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொண்டன. வகுப்பு சிரித்தது; அவர் சிரிக்கவில்லை.

"இதைப் பார்த்த பிறகும் உரத்தால மாற்றம் இல்லைன்னு விவசாயிகிட்ட சொல்லுவியா?"

என் கையில் சாக்பீஸ் உடைந்தது. எந்தப் பக்கம் கூட்டினாலும் சராசரி 25. ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று அழித்துவிட, விஷயம் முழுவதும் நான் படிக்காமல் விட்ட மூன்றாவது வரியில் இருந்தது. இடைவினையால் வந்த மாறுபாட்டை அளக்கும் வர்க்கக் கூட்டுத்தொகை 500, தற்செயல் மாறுபாட்டை அளக்கும் பிழையின் சராசரி வர்க்கம் 10, எஃப் 50. இது தற்செயல் அல்ல என்று ஐந்து சதவீத மட்டத்தில் சொல்லத் தாண்ட வேண்டியது 4.49தான்.

1923இல் புள்ளியியலாளர் ஃபிஷரும் அவருடன் பணியாற்றிய மெக்கென்சியும் உருளைக்கிழங்கு வகைகளையும் உரங்களையும் வைத்துக் கேட்டதும் இதே கேள்விதான் என்று அன்று சொன்னார்: ஒரே உரத்துக்கு எல்லா வகையும் ஒரே மாதிரி பதில் சொல்கிறதா?

இடைவினை வந்தாலே முதன்மை விளைவுகளை, அதாவது ஒவ்வொரு காரணியின் தனி விளைவை, தூக்கிப் போடச் சொல்பவர்களைப் பிற்பாடு நிறையப் பார்த்தேன். சார் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு கோடும் மேலேயே ஏறி, ஒன்று மட்டும் செங்குத்தாக ஏறினால், உரம் இரண்டுக்குமே உதவுகிறது; எவ்வளவு என்பதை வகைவாரியாகச் சொல். அவ்வளவுதான். படத்தைப் பார்க்காமல் வாய் திறக்காதே என்பார்.

பாத்திகளின் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். "நல்ல கேள்வி. அடுத்த பருவத்துல பார்ப்போம்" என்று என் நோட்டில் தலைப்பை அவரே எழுதினார். அடுத்த பருவம் தொடங்கும்முன் நான் விமானம் ஏறிவிட்டேன். அவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

முதல் வேலையில் கிடைத்த தரவிலேயே எண்ணிக்கை சமமில்லை. எந்தக் காரணியை முதலில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வர்க்கக் கூட்டுத்தொகை மாறும் என்பதைத் தனியாக, பல இரவுகள் விழித்துக் கற்றுக்கொண்டேன். கற்றதைச் சாருக்கு எழுத வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைத்தேன்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் கையெழுத்தில் தலைப்பு, அதன் கீழே வெற்றுப் பக்கம்.