றங்குப்பெட்டிகளில் இருக்கும் நம் வரலாறு

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் வாழ்ந்த திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலீர்ப்புடையோர் ஆகியோரின் வாழ்வு அரசாங்கக் கோப்புகளில் இருப்பதைவிட, கடிதங்களிலும் ஒளிப்படங்களிலும் றங்குப்பெட்டிகளின் அடியில் ஒளித்துவைத்த நாட்குறிப்புகளிலுமே அதிகம் பதிந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் இக்கரையில் எத்தனையோ வீடுகளின் காகிதங்களைக் கொண்டுபோயின. எஞ்சியவற்றை, உரியவர் இறந்த பின் உறவினர்கள் வெட்கத்தால் எரித்துவிடவும் கூடும்.

ஆகவே, உயிருடன் இருக்கும்போதே தம் சேகரிப்பைக் காப்பகம் ஒன்றுக்கு எழுதிக் கொடுப்பது மிக அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன். நியூயோர்க்கில் 1974இல் உருவான, தன்பாலீர்ப்புடைய பெண்களின் வரலாற்றைக் காக்கும் லெஸ்பியன் ஹேர்ஸ்டோரி ஆர்க்கைவ்ஸ் பெரும்பாலும் இத்தகைய கொடைகளாலேயே வளர்ந்தது. பெங்களூரிலும் பால்புதுமையினரின் (தன்பாலீர்ப்புடையோர், திருநர் முதலானோரின்) வாழ்வைச் சேகரிக்கும் கம்ரா காப்பகம் இயங்குகிறது.

இங்கு அச்சத்திற்குக் காரணம் உண்டு. தன்பாலுறவைக் குற்றமாக்கிய, 1883ஆம் ஆண்டு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளின் நிழலில்தான் இந்த மனிதர்கள் வாழ்ந்தார்கள். எனவே எவற்றை எத்தனை ஆண்டுகள் மூடிவைப்பது, யார் பார்க்கலாம், எவற்றை இணையத்தில் ஏற்றக்கூடாது என்பனவெல்லாம் கொடைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்பட வேண்டும். படத்தைக் கொடுப்பவர் சம்மதித்தாலும், அதில் தோளில் கைபோட்டு நிற்பவர் சம்மதித்ததாகாது. என்னைப் பொறுத்தவரை இதுவே முழுப் பணியிலும் கடினமான பகுதி.

வாவிக் காற்றின் ஈரம் காகிதத்திற்குப் பகை. துருப்பிடித்த ஊசிகளை அகற்றி, அமிலமற்ற உறைகளில் இட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் ஆண்டையும் ஊரையும் குறிப்பதை இன்றே வீட்டில் தொடங்கலாம்.