விண்ணப்பம் இனி நனையாது
செல்லூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு இந்த வருஷம் கூகுள் ஃபார்மில்தான் விண்ணப்பம். போன வருஷம் தாளில் வாங்கினோம், மழையில் மை கரைந்து ஒரு பையனின் அப்பா நம்பரே அழிந்துபோனது இன்னும் மனசை உறுத்துகிறது. பதில்கள் சேரும் ஷீட்டில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவுக்குள் போய், ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கூகுளின் நிரல் எழுதும் கருவியில் சின்னதாக நிரல் எழுதி, ஃபார்ம் வந்ததும் ஓடும்படி ட்ரிக்கரும் வைத்துவிட்டேன், இப்போது ஒவ்வொரு விண்ணப்பமும் பிள்ளையின் பெயரோடு தனி பிடிஎஃப்பாக டிரைவ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ட்ரிக்கர் முக்கியம், அது இல்லாமல் நிரல் தானாக ஓடாது.

அப்புறம், ஃபைல் அப்லோடு கேள்வி மட்டும் வைக்கவில்லை. அதற்குக் கூகுள் கணக்கில் உள்ளே நுழைய வேண்டும், அக்கம்பக்கத்து அக்காக்கள் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஏற்றும் ஃபைல்கள் சேரும் டிரைவில் இலவச இடமும் 15 ஜிபிதான், ஜிமெயிலும் போட்டோவும் சேர்த்து.

நேற்று ராத்திரி முதல் பிடிஎஃப் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை, நம்பர் பளிச்சென்று இருக்கிறது.