கட்டுப்பாடு கைமாறும் கணம்

மனிதரும் கணினியும் சேர்ந்து இயங்கும் அமைப்புகளை வடிவமைக்கும்போது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைவிட, வேலை கைமாறும் கணத்தைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் பறந்த விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்ததும் தானியங்கி இயக்கம் விலகிக்கொண்டது. அதுவரை பெரும்பாலும் கண்காணித்துக்கொண்டிருந்த விமானிகள், நேர்ந்தது என்னவென்று புரியாமல் திணற, விமானம் அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தனர். அந்த எண்ணை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. தான் எதை அறிந்திருக்கிறது, எதில் ஐயப்படுகிறது, ஏன் விலகுகிறது என்பதை அமைப்பு தெளிவாகச் சொல்ல வேண்டும். மனிதரும் இடையிடையே தாமே இயக்கிப் பழகியிருக்க வேண்டும். என் வடிவமைப்புகளில், கணினி விலகும் தருணத்துக்கான திரையையே இப்போது முதலில் வரைகிறேன்.